பஸ்கள் போயின, ரேடியேட்டர் மூடி நின்றது: டி.வி.எஸ் என்ற மூன்றெழுத்தின் கதை

2020 ஏப்ரல். நாடே லாக்டவுனில் முடங்கிக் கிடந்த நேரம். அப்போது வந்த ஒரு செய்தி பைக் பிரியர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1898-ல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட நார்ட்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தை, ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ் மோட்டார் வாங்கிவிட்டது. விலை 1.6 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் கிளாசிக் வண்டி என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று, தமிழ்நாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்து சேர்ந்தது.

நம்மில் பலருக்கு டி.வி.எஸ் என்றால் அப்பாச்சி, ஜூபிட்டர், ஸ்கூட்டி. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் டி.வி.எஸ் 50 என்பார்கள். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். தன் பெயர் போட்ட ஒரு டூவீலரைக்கூட அவர் பார்த்ததில்லை. டி.வி.எஸ் 50 வந்தது 1980-ல். அவர் இறந்தது அதற்கு 25 ஆண்டுகள் முன்பு.

அப்படியென்றால் அவர் என்ன செய்தார்? பஸ் ஓட்டினார். சரியாகச் சொன்னால், பஸ் நடுவழியில் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இரண்டாவதுதான் பெரிய வேலை. ஏன் என்று தெரிய, எஞ்சின் சூடு பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த சுந்தரம் ஐயங்கார்?

1877 மார்ச் 22-ல் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வக்கீல் தொழிலில் தொடங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை, அதன் பிறகு வங்கி வேலை. மாதச் சம்பளம், பாதுகாப்பான வாழ்க்கை. இன்றைய கணக்கில் சொன்னால் செட்டிலான ஆள்.

35 வயதை நெருங்கும்போது அதையெல்லாம் விட்டார். 1911-12 வாக்கில் மதுரையை மையமாக வைத்து மோட்டார் தொழிலில் இறங்கினார். தென்னிந்தியாவின் பஸ் போக்குவரத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவராக இன்று வரலாறு அவரைச் சொல்கிறது. அன்றைக்கு அது பெரிய ரிஸ்க். மோட்டார் வண்டியை நம்பி ஒரு நேரத்துக்கு ஓரிடம் போய்ச் சேரலாம் என்ற எண்ணமே மக்களிடம் இல்லை.

அப்போது ஊர்விட்டு ஊர் எப்படிப் போனார்கள்?

கீழவைப்பாரை எடுத்துக்கொள்வோம். வைப்பாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள மீனவர் ஊர். இன்று தூத்துக்குடி மாவட்டம். ஆனால் 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை இதுவும் திருக்குறுங்குடியும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் 1876-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்டவாளம் உள்நாட்டு வழியாகப் போனது. கடற்கரையோர ஊர்களுக்கு ரயில் கிடையாது. மாட்டு வண்டி, இல்லையென்றால் கடல்வழியே தோணி.

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு நிலைமை இதுதான். ரயில் நிற்கும் ஊர் ஓர் உலகம்; அதற்கு அப்பால் உள்ள ஊர் இன்னொரு உலகம். இடையில் இருந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் பஸ். மருத்துவமனை, கோர்ட், சந்தை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்ற நிலை பஸ்ஸால் வந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பஸ் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சாலை மண்ணும் சரளையும். வெயில் நம்ம ஊர் வெயில். எஞ்சின் குளிர் நாட்டில் வடிவமைக்கப்பட்டது.

எஞ்சின் ஏன் கொதித்தது?

பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஒரு பகுதி புகையோடு வெளியே போகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களில் சூடாக ஏறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். வண்டி அங்கேயே நின்றுவிடும்.

அதற்காக எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டார்கள். சூடான தண்ணீர் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்கள் வழியே இறங்கி, காற்றுபட்டு ஆறி, திரும்ப எஞ்சினுக்கு வரும். கேட்க ரொம்ப சிம்பிள்.

ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் தண்ணீரைத் தள்ள பம்ப் கிடையாது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். சூடான நீர் தானாக மேலே எழும்பும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே சுற்றோட்டம் நடந்தது. அழுத்தம் தாங்கும் மூடியும் கிடையாது. அதனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகப் பறந்துவிடும்.

சித்திரை வெயில், நிறைய ஆட்கள், மெதுவாக ஏறும் மேடு. மூன்றும் சேர்ந்தால் போதும். ரேடியேட்டர் கொதிச்சுப் போச்சு. அப்புறம் டின்னைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடி நடக்க வேண்டியதுதான். வறண்ட பூமியில் அது எத்தனை தூரமோ! கிடைத்த தண்ணீரும் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களையும் அடைத்துவிடும். அடைப்பு கூடக் கூட, வண்டி இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

கடிகாரமும் காந்தமும்

இப்படிப்பட்ட வண்டிகளை வைத்துக்கொண்டு நேர அட்டவணை போட்டு ஓட்டுவது சாதாரண விஷயம் இல்லை. டி.வி.எஸ் பஸ் வருவதைப் பார்த்து மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்பது மதுரைப் பக்கம் இன்றும் சொல்லப்படும் கதை. கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் எதற்காக நினைவில் நின்றது என்பதை அது காட்டுகிறது. வேகத்துக்காகவோ சொகுசுக்காகவோ யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. நேரத்துக்காகத்தான்.

இன்னொரு கதையும் உண்டு. அன்றைய சாலைகளில் மாட்டு லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடக்கும். டயர் பஞ்சர் ஆவதற்கு அதுவே முக்கியக் காரணம். அந்த ஆணிகளைப் பொறுக்க, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டச் செய்தார் என்று சொல்வார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அவருடைய தொழில் புத்தி புரியும். பஞ்சர் ஆனபிறகு ஒட்டுவது ரிப்பேர். பஞ்சரே ஆகாமல் ஆணியைப் பொறுக்குவது பராமரிப்பு. ரேடியேட்டர் கொதித்தபிறகு கிணறு தேடுவது ரிப்பேர். கிளம்பும் முன் தண்ணீர், பெல்ட், ஹோஸ் எல்லாவற்றையும் பார்ப்பது பராமரிப்பு. டிரைவர், கிளீனர், பட்டறை ஆட்கள் என்று பல பேரின் தினசரி வேலை இது. முதலாளியின் வேலை, அந்தச் செலவை வீண் செலவு என்று வெட்டாமல் இருப்பது.

பஸ், லாரி என்று வண்டிகள் பெருகின. டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்ற நிறுவனமும், அதன் கீழ் சதர்ன் ரோடுவேஸும் வளர்ந்தன. கூடவே உதிரிபாகங்கள் விற்க மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், கார் விற்பனைக்கு சுந்தரம் மோட்டார்ஸ், டயருக்குப் புது ரப்பர் பூசும் ஆலை எல்லாம் வந்தன. 1950-களில் சுந்தரம் மோட்டார்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் மிகப் பெரிய விநியோகஸ்தர்களில் ஒன்று.

பெட்ரோல் இல்லை, பஸ் ஓட வேண்டும். என்ன செய்வது?

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. நமக்கு எண்ணெய் வந்துகொண்டிருந்த முக்கிய வழி அடைபட்டது. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது. மெட்ராஸ் மாகாணத்தில் பஸ்கள் நின்றுபோகும் நிலை.

அப்போது வந்ததுதான் டி.வி.எஸ் கேஸ் பிளான்ட். அறுபது வயதைத் தாண்டிய நிலையில் சுந்தரம் ஐயங்கார் அதை உருவாக்கித் தயாரிக்க வைத்தார். இந்த வகைக் கருவியின் வேலை இதுதான். பஸ்ஸோடு ஒரு பெரிய இரும்பு டிரம்மைப் பொருத்துவார்கள். உள்ளே அடுப்புக்கரி. அதற்குப் போதிய காற்று விடாமல் அரைகுறையாக எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அந்த வாயுவை எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோலுக்குப் பதிலாக அது எரியும். கிளம்பும் முன் கைப்பிடியைச் சுற்றிக் காற்றடித்துக் கரியைக் கனலவைப்பதைப் பழைய ஆட்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கரி பஸ் என்பது அதற்கு மக்கள் வைத்த பெயர்.

இங்கேயும் குளிர்விப்புதான் உயிர். டிரம்மிலிருந்து வரும் வாயு கடும் சூடாக இருக்கும். சூடான வாயு விரிந்து லேசாகிவிடுவதால், எஞ்சினுக்குள் போகும் எரிபொருளின் அளவு குறையும். சாம்பலும் தூசியும் வேறு சேர்ந்து வரும். எனவே வாயுவை நீளமான குழாய்களில் ஓடவிட்டு ஆறவைத்து, வடிகட்டி, பிறகுதான் எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் எஞ்சின் கெட்டுப்போகும். அப்படியும் பெட்ரோலில் கிடைக்கும் இழுவை கிடைக்காது. மேடு வந்தால் வண்டி திணறும். ஆனாலும் ஓடியது. பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த ஆண்டுகளில் ஓடியதே பெரிய விஷயம்.

வீட்டுக்குள் ஒரு மோதல்

எல்லாவற்றிலும் அவர் காலத்துக்கு முன்னே போனார் என்று சொல்லிவிட முடியாது. மகள் சௌந்தரத்துக்கு அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே திருமணம். கணவர் டாக்டர். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யப்போய் அந்த நோயிலேயே இறந்தார். இளம் வயதில் கைம்பெண்ணான மகளைப் பெற்றோர் மூலையில் உட்காரவைக்கவில்லை. படிக்க அனுப்பினார்கள். டெல்லியில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார்.

ஆனால் காந்தியவாதியான ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய மகள் விரும்பியபோது, குடும்பம் சம்மதிக்கவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு அந்தத் திருமணம் நடந்தது. 1947-ல் அவர்கள் இருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. மகளைப் படிக்கவைத்த அப்பாவும், மறுமணத்தை ஏற்க மறுத்த அப்பாவும் ஒரே ஆள்தான்.

தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். வயது 78.

பஸ்கள் என்னாச்சு?

1972-ல் அரசு பஸ் போக்குவரத்தை எடுத்துக்கொண்டது. மதுரையின் டி.வி.எஸ் பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் அடிப்படையாகின. 1974-ல் அதிலிருந்து பிரிந்து திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அறுபது ஆண்டு காலம் கட்டிய பஸ் தொழில் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது.

பல நிறுவனங்கள் இதோடு முடிந்திருக்கும். இது முடியவில்லை. காரணம், பஸ்ஸை ஓடவைக்கத் தேவையான பொருட்களைச் செய்யும் ஆலைகளை அடுத்த தலைமுறை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவும், பிரிட்டிஷ் நிறுவனத்தோடு கைகோத்த சுந்தரம் கிளேட்டனும். 1966-ல் போல்ட், நட்டு செய்யும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். சக்கரம், பிரேக், திருகு. பராமரிப்புப் பட்டறையில் தினமும் கேட்கும் வார்த்தைகளே ஆலைகளாக மாறின. பஸ்ஸை எடுத்துக்கொள்ள முடிந்தது. அதை ஓடவைக்கும் அறிவு குடும்பத்திடமே தங்கியது.

பிரிட்டனிலிருந்து வந்த மூடி

1990-களின் தொடக்கத்தில் ஒரு சுவாரசியமான விஷயம் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கு வேண்டிய ரேடியேட்டர் மூடிகளைப் பிரிட்டனில் ஒரு பிரிவில் செய்துவந்தது. அதைக் கைவிட முடிவெடுத்தபோது, சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் அந்த இயந்திரங்களை வாங்கிக் கப்பலில் ஏற்றித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அப்போது நிறுவனத்தை நடத்தியவர் சுந்தரம் ஐயங்காரின் பேரன் சுரேஷ் கிருஷ்ணா. சில ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் உலோக ரேடியேட்டர் மூடிகள் இங்கிருந்தே போயின. சிறந்த சப்ளையருக்கான அந்த நிறுவனத்தின் விருதும் பலமுறை கிடைத்தது.

ஒரு மூடியில் அப்படி என்ன இருக்கிறது? பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் போட்டு மூடினால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். 15 பிஎஸ்ஐ மூடி போட்டால் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 120 டிகிரி வரை கொதிக்காது. அளவு மீறினால் மூடியில் உள்ள ஸ்பிரிங் வால்வு திறந்து, கொஞ்சம் நீரைப் பக்கத்து டப்பாவுக்கு அனுப்பும். எஞ்சின் ஆறியதும் இன்னொரு சின்ன வால்வு அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். அந்தக் காலத்து டிரைவர் டின்னோடு கிணறு தேடியதற்கு, இப்படி ஒரு மூடி இல்லாததும் ஒரு காரணம்.

சரி, நம்ம வண்டிக்கு என்ன பாடம்?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. நமக்கு இன்னும் நெருக்கமான வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரானது. அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கித்தான் பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். இந்த வகைக் கார்களில் ஒன்று உங்களிடம் இருந்தால், முதலில் மூடியைக் கவனியுங்கள். அந்தக் காலக் கார்களில் 4, 7, 10 பிஎஸ்ஐ போன்ற குறைந்த அழுத்த மூடிகளே வழக்கம். கொதிக்கிறதே என்று இன்றைய காரின் பலமான மூடியை மாட்டினால், ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய பித்தளை ரேடியேட்டரின் மூட்டு பிரிந்துவிடும்.

புதுக் காரோ பழைய காரோ, கடற்கரையோரம் ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கீழவைப்பார், வேம்பார் பக்கமெல்லாம் உப்புக் காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அரித்துவிடும். நல்ல தண்ணீரால், அதிக வேகமில்லாமல், அவ்வப்போது கழுவுவது நல்லது. உள்ளே போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது. கம்பெனி சொல்லும் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரியான விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருப்பிடிப்பதையும் தடுக்கும்.

நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி எறிவது சில பட்டறைகளில் வழக்கம். செய்யாதீர்கள். எஞ்சின் மிகக் குளிர்ந்து ஓடினாலும் தேய்மானம் கூடும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். கெட்டுப்போனால் புதிது மாற்றுவதே சரி. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஹோஸ் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதை மாதம் ஒருமுறை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தாலே போதும்.

சாலையில் முள் சிவப்புக்கு ஏறினால்? ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாக வையுங்கள். உள்ளே வியர்க்கும், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் இறங்கும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீய்ச்சி அடித்து முகமும் கையும் வெந்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடும்.

ரேடியேட்டர் மூடி, காரிலேயே மிக மலிவான பாகங்களில் ஒன்று. அடுத்த சர்வீஸில் அதைக் கழற்றி அடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெடிப்பு தெரிந்தால் அதே அளவில் புதிது மாற்றிவிடுங்கள்.